உயரமான கண்ணாடி மீன் தொட்டி: வீட்டிலேயே பத்திரமாகச் செய்வது எப்படி?



நெல்லுக்கும் கடலைக்கும் உரம் சொல்ற ஆள் இன்னைக்குக் கண்ணாடித் தொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிற தொழில். இப்போது மற்ற ஊர்களிலும் கிணற்றடியில் நாலு சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பி, மாலி, ஏஞ்சல் என்று வளர்க்கிற விவசாயிகள் இருக்கிறார்கள். மீன் வாங்க வருகிறவருக்குச் சிமெண்ட் தொட்டியில் முதுகுதான் தெரியும். பக்கவாட்டில் நிறம் காட்ட ஒரு கண்ணாடித் தொட்டி வேணும். கடையில் விலை கேட்டுவிட்டு, ‘அஞ்சு கண்ணாடியும் ரெண்டு குழாய் பசையும் தானே, நாமே செஞ்சா என்ன?’ என்று கேட்கிறார்கள்.

செய்யலாம். ஒரு அடி உயரத் தொட்டி என்றால் கொஞ்சம் கைப்பழக்கம் உள்ள யாரும் செய்துவிடலாம். ஏஞ்சல் மீனுக்கு மட்டும் உயரம் வேண்டும். அதன் துடுப்பு மேலும் கீழுமாக நீண்டு வளர்வது. அரை அடித் தண்ணீரில் விட்டால் அழகும் போகும், வளர்ச்சியும் குறையும். சரி, ரெண்டு அடி உயரத்தில் செய்வோம் என்று கிளம்புகிறார்கள். அங்கேதான் ஆபத்து ஆரம்பம். அதைத்தான் இன்று பேசப் போகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீரின் குணம் தெரிய வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏரிக்கரையைப் பாருங்கள். மேலே வண்டி போகிற அகலம்தான் இருக்கும்; அடியில் போகப் போக அகன்றுகொண்டே இறங்கும். ஏன் அப்படிப் போட்டார்கள்? தண்ணீர் ஆழமாக ஆக, அடியில் தள்ளும் வேகம் கூடுகிறது. ஏரி நூறு ஏக்கரா, ஆயிரம் ஏக்கரா என்பது கரைக்குக் கணக்கே இல்லை. கரையோரத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு பழைய தகர டின்னில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேல் ஓட்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டு வழியும், அடி ஓட்டையில் சீறிக்கொண்டு பாயும்.

மீன் தொட்டியும் அதே சங்கதிதான். நீளத்தைக் கூட்டினால் தண்ணீரின் எடை கூடுமே தவிர, அடியில் ஒவ்வொரு அங்குலத்தையும் தள்ளுகிற வேகம் கூடாது. உயரத்தைக் கூட்டினால் கூடும். எவ்வளவு என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மூன்று அடி, அதாவது 90 சென்டிமீட்டர் நீளமுள்ள முன்பக்கக் கண்ணாடி. தண்ணீர் ஒரு அடி, அதாவது 30 செ.மீ. இருந்தால் அந்தக் கண்ணாடியை வெளியே தள்ளும் மொத்த பலம் சுமார் 40 கிலோ. ஒன்றரை அடி, 45 செ.மீ. என்றால் 91 கிலோ. ரெண்டு அடி, 60 செ.மீ. என்றால் 162 கிலோ. ரெண்டரை அடி, 75 செ.மீ. போனால் 253 கிலோ. உயரம் இரண்டு மடங்கு ஆனால் பாரம் நாலு மடங்கு ஆகிவிட்டது, கவனித்தீர்களா? ‘ஒரு அடிக்கு அஞ்சு மில்லிமீட்டர் கண்ணாடி நின்னுது, ரெண்டு அடிக்கு ஆறு போட்டா போதாதா’ என்கிற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

அப்படியானால் எவ்வளவு கனம் வேண்டும்? மூன்று அடி நீளத் தொட்டிக்குச் சொல்கிறேன். ஒரு அடி உயரத்துக்கு 5 மி.மீ. கண்ணாடி, 6 போட்டால் நிம்மதி. ஒன்றரை அடிக்கு 8 மி.மீ. ரெண்டு அடிக்கு 12 மி.மீ. பத்து மி.மீ. போட்டு மேலே பட்டை ஒட்டிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் முதல் தடவையாகச் செய்கிறவருக்கு நான் 12 தான் சொல்வேன். ரெண்டரை அடி என்றால் 15 மி.மீ. வேண்டும். அந்தக் கண்ணாடியின் விலையும் எடையும் வீட்டு வேலைக்கு ஒத்துவராது. ரெண்டு அடிக்கு மேல் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தச்சர்கள் ‘நூல்’ கணக்கில் பேசுவார்கள்; ஒரு நூல் என்பது மூன்று மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. நாலு நூல் என்றால் ஏறக்குறைய நம்ம 12 மி.மீ.

இந்தக் கனத்தில் மூணு நாலு மடங்கு பத்திரம் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். ‘இவ்வளவு எதுக்கு, பாதிக் கனத்திலேயே நிக்குதே’ என்று செய்து காட்டுகிற ஆள் ஊருக்கு ஊர் உண்டு. நிற்கும். நாலு மாதம், ஆறு மாதம்கூட நிற்கும். கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. மரப்பலகை பாரம் தாங்காவிட்டால் முதலில் வளையும், முனகும், நமக்கு அறிவிப்புக் கொடுக்கும். கண்ணாடி அப்படி இல்லை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் இருக்கும். விடாமல் பாரம் இருந்துகொண்டே இருந்தால், ஈரமும் சேர்ந்து, அந்தக் கீறல் நாளுக்கு நாள் மயிரிழை மயிரிழையாக வளரும். ஒரு நாள் படீரென்று போய்விடும். ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துது’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. கட்டிடம் இடித்த இடத்தில் கிடைத்த சன்னல் கண்ணாடி, நாலு மி.மீ. இருக்கும். அதில் ரெண்டேகால் அடி உயரத்துக்குத் தொட்டி. ஐந்து மாதம் நின்றது. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு முன்பக்கம் முழுசாகப் போய்விட்டது. திண்ணையில் படுத்திருந்த பெரியவர் அன்றைக்குக் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். அவர் படுக்கிற பாயின் மேல் கத்தி மாதிரி கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. மீன் போனதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

பெரிய பெரிய எஞ்சினியர்கள் கட்டியதும் தப்பவில்லை. ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஓட்டல் ஒன்றின் கூடத்தில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கிற உருளைத் தொட்டி இருந்தது. 2022 டிசம்பர் 16 அன்று விடியற்காலையில் அது வெடித்துத் தெருவரைக்கும் தண்ணீர் ஓடியது. அது அக்ரிலிக்கில் செய்தது, நம்முடையது சாதாரணக் கண்ணாடி. விடியற்காலையாக இருந்ததால் இரண்டு பேருக்குக் காயத்தோடு போயிற்று. மீன்கள் சுமார் 1,500.

சரி, வேலைக்கு வருவோம். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 45க்குக் குறைய வேண்டாம். உயரமாகவும் ஒடுக்கமாகவும் செய்தால் ஒரு கன்றுக்குட்டி வந்து உரசினாலே ஆடும். இன்னொன்று, காற்று மேல்பரப்பு வழியாகத்தான் தண்ணீரில் கலக்கிறது. உயரம் கூடக் கூட அதே மேல்பரப்புக்கு அடியில் அதிகத் தண்ணீர் இருக்கும். அதனால் உயரத் தொட்டியில் மீன் எண்ணிக்கையைக் குறைத்து, காற்றுக் குழாய் கட்டாயம் விட வேண்டும்.

கண்ணாடி புதுசாக வாங்குங்கள். சன்னல், அலமாரியில் இருந்த பழைய கண்ணாடி வேண்டவே வேண்டாம். ‘டஃபன்’ கண்ணாடியும் நமக்குச் சரிப்படாது. அதை அப்புறம் வெட்ட முடியாது. கடையிலேயே அளவு கொடுத்து வெட்டி, நாலு ஓரமும் பாலிஷ் போட்டு வாங்குங்கள். இந்த ஒரு கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள். பொரிந்த ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும், கையைக் கிழிப்பதும் அதுதான்.

அளவு எழுதிக்கொள்ளுங்கள். அடிக் கண்ணாடி 90க்கு 45 செ.மீ., ஒன்று. முன்னும் பின்னும் 90க்கு 60, இரண்டு. பக்கக் கண்ணாடி இரண்டு. இவை 45க்கு 60 என்று வெட்டச் சொல்லிவிட்டு வந்து விழிப்பவர்கள் நிறையப் பேர். பக்கக் கண்ணாடி முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் உட்காருகிறது. இரண்டின் கனம் 2.4 செ.மீ., பசைக்கு இரு பக்கமும் சேர்த்து 3 மி.மீ. இதையெல்லாம் கழித்தால் 42.3 செ.மீ. ஆக 42.3க்கு 60, இரண்டு. நாலு பக்கமும் அடிக் கண்ணாடியின் மேல் நிற்கும். இது போக மேல் விளிம்புக்கு 87 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை. குறுக்கே ஒரு பாலம், 42க்கு 15. ஏன் பட்டை? நிறைந்த தொட்டியில் நீளக் கண்ணாடி மேல் விளிம்பின் நடுவில்தான் அதிகம் வெளியே புடைக்கும். பட்டையும் பாலமும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேணும். சிலிகான் என்று கடையில் கேட்டால் பத்து வகை எடுத்துப் போடுவார்கள். குழாயின் மேல் மீன் தொட்டிக்கு ஏற்றது என்று அச்சடித்திருப்பதை வாங்குங்கள். பூட்டும்போது வினிகர் வாசனை அடிக்கும், அது சரிதான், காய்ந்ததும் போய்விடும். குளியலறைக்கு விற்கிற சிலிகானில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். பூஞ்சணக் கொல்லி தண்ணீரில் கலந்தால் மீன் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேதியும் பாருங்கள். காலாவதியான பசை கடைசிவரை காயாது, அல்வா மாதிரியே இருக்கும்.

ஒட்டுகிற ஓரங்களை அசிட்டோன் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது, அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும். துடைத்த ஓரத்தை விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. இரண்டு ஆள் வேணும். கனத்த உறை, செருப்பு கட்டாயம். ரெண்டு அடி உயர முன்கண்ணாடி ஒன்றே 16 கிலோ. அதைப் படுக்கவாட்டில் தூக்காமல் நிமிர்த்தித் தூக்குங்கள்.

சமமான மேசையில் காகிதம் விரித்து அடிக் கண்ணாடியை வையுங்கள். முதலில் பின்கண்ணாடி, பிறகு இரண்டு பக்கம், கடைசியில் முன்கண்ணாடி. ஒட்டும் ஓரத்தில் பசையை விடாமல் ஒரே கோடாக இடுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே காற்றுக் குமிழ் தங்கும். கண்ணாடியை வைத்து அமுக்கும்போது பசை முழுவதையும் பிழிந்து வெளியே தள்ளிவிடக் கூடாது. ஒன்று, ஒன்றரை மி.மீ. கனத்துக்கு நடுவில் பசை நிற்க வேண்டும். தொட்டியைத் தாங்குவது இந்த நடுப் பசைதான். உள்மூலையில் விரலால் இழுத்து விடுகிற பட்டை ஒழுக்குக்கு ஒரு காவல், அவ்வளவே. மூலைமட்டம் வைத்துப் பார்த்து, வெளியே ஒட்டு நாடா போட்டு இறுக்குங்கள். பத்து நிமிடத்தில் பசையின் மேல் தோல் கட்டிவிடும். அதற்கப்புறம் அசைத்தால் அந்த இணைப்பு கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மேல் பட்டைகளை, விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே, உள்பக்கமாக ஒட்டி, அவற்றின் மேல் பாலத்தை வையுங்கள்.

இனிமேல் பொறுமை. சிலிகான் காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். 12 மி.மீ. கண்ணாடிக்குப் பத்து நாள் விடுங்கள்.

அந்தப் பத்து நாளில் தாங்கியைத் தயார் செய்யலாம். எடையைக் கூட்டிப் பாருங்கள். கண்ணாடி 65 கிலோ, இரண்டு அங்குலம் குறைத்து நிரப்பிய தண்ணீர் 200 கிலோவுக்கு மேல், அடியில் போடுகிற கூழாங்கல் ஒரு 25. மொத்தம் முந்நூறு கிலோ, ஆறு சிமெண்ட் மூட்டை. சாப்பாட்டு மேசை, பழைய தையல் மிஷின் மேசை எதுவும் தாங்காது. இரும்பு ஆங்கிளில் பற்றவைத்த தாங்கி, அல்லது செங்கல் தூண் கட்டி மேலே கடப்பாக் கல். சாணி மெழுகிய மண் தரையில் வேண்டாம். ஈரத்தில் ஒரு கால் இறங்கினால் தொட்டி முறுக்கிக்கொள்ளும். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். தாங்கிக்கும் தொட்டிக்கும் நடுவில் அரை அங்குலத் தெர்மோகோல் ஒன்றைப் போடுங்கள். ஒரு சின்ன மணல் பரல் அடியில் இருந்தால்கூட முந்நூறு கிலோவும் அந்த ஒரு புள்ளியில் உட்கார்ந்து அடிக் கண்ணாடியைப் பிளந்துவிடும்.

வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் வெளியே நிழலில் சோதனை. சமமான பலகையும் தெர்மோகோலும் போட்டு, அடியைச் சுற்றிலும் பழைய செய்தித்தாள் விரியுங்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் கறை காட்டும். முதல் நாள் கால் பங்கு, மறுநாள் பாதி, மூன்றாம் நாள் முக்கால், பிறகு முழுசாக. ஒவ்வொரு தடவையும் முன்கண்ணாடியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சொன்ன கனத்தில் செய்திருந்தால் நடுவில் புடைப்பு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. கண்ணுக்கே தெரிகிற மாதிரி புடைத்தால் அந்தக் கண்ணாடி அந்த உயரத்துக்கு ஆகாது; தண்ணீரை இறக்கிவிடுங்கள். நிறைந்த பிறகு மூன்று நாள் அப்படியே நிற்கட்டும். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். ஒழுகினால் பழைய பசையின் மேலேயே புதுப் பசை பூசிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். பிடிக்காது. அந்த இணைப்பைப் பிளேடால் சுத்தமாகச் சுரண்டி எடுத்து மறுபடி போட வேண்டும். விரிசல் கண்டால் கையை வைத்து அழுத்தக் கூடாது. ரப்பர் குழாயை உள்ளே விட்டுத் தூர நின்று தண்ணீரை இறக்குங்கள். தண்ணீரோடு தொட்டியைத் தூக்குவது எந்த நாளும் கூடாது, பாதித் தண்ணீர் இருந்தாலும் சரி.

செலவைக் கேட்டு மலைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒன்றரை அடி உயரத்தோடு நிறுத்திக்கொண்டு, தாங்கியை அரை அடி உயர்த்திப் போடுங்கள். ஏஞ்சல் மீனுக்கு அந்த உயரம் போதும். வருகிறவர் கண்ணுக்கு நேராகவும் இருக்கும், கண்ணாடி 8 மி.மீ.யில் முடியும். அடியில் கிடக்கிற குப்பையை எடுக்கக் கை எட்டும். ரெண்டு அடித் தொட்டியில் தோள் வரைக்கும் நனைய வேண்டும். நான் என் வீட்டுக்குச் செய்வதென்றால் இதைத்தான் செய்வேன்.

கடைசியாக மின்சாரம். காற்று பம்பை முடிந்தவரை தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி பம்புக்குள் இறங்கும். நம்ம ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்கே தெரியும். கீழேதான் வைக்க முடியும் என்றால் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று மாட்டுங்கள், மீன் கடையில் கிடைக்கும். பிளக்குக்குப் போகிற ஒயர் நேராகப் போகாமல் ஒரு தரம் கீழே தொங்கி, அப்புறம் மேலே ஏற வேணும். அப்போது ஒயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு சுவிட்ச் இல்லாத லைனில் தொட்டிச் சாமான் எதையும் மாட்டாதீர்கள். தண்ணீரில் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

கண்ணாடி அளவில் சந்தேகம் இருக்கிறவர்கள் வெட்டக் கொடுக்கும் முன்னாலேயே அளவு எழுதிய தாளோடு உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். வெட்டின பிறகு கேட்டால் யாராலும் ஒட்டித் தர முடியாது.